நீரிணைக் கரையில் ஒரு வெள்ளை மாளிகை
(ஜொகூர் சுல்தான் அபு பாக்கார் அவர்களின் வாழ்க்கை வரலாறு)

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு மாணவிக்குச் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று என் மனத்தில் கடனாகக் கிடந்தது. அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கப் போகிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குக் கல்விச் சுற்றுலா போயிருந்தோம். பஸ் நீரிணையோரச் சாலையில் போகும்போது, புல்வெளிக்கு மேலே வெள்ளைச் சுவரும் நீலக் கூரையுமாக ஒரு நீண்ட மாளிகை தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். அப்போது ஒரு சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்து, இந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கும் சார் என்று கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. நம் லயங்களிலே ஒரு நீண்ட கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் இருந்து பழகியவர்கள் நாம். நீளமான கட்டடத்தைப் பார்த்தால் எத்தனை கதவு, எத்தனை குடும்பம் என்று எண்ணத்தானே நமக்குத் தோன்றும்!

ஒரு ராஜாவுக்காகக் கட்டியது என்று சொன்னேன். ஒருவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் பஸ் திரும்பிவிட்டது, நானும் பேச்சை மாற்றிவிட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நற்சான்றிதழ் வாங்கியவன்தான் நான். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், அந்த மாளிகையின் கதையும் அதைக் கட்டியவரின் கதையும் ஒன்றே என்று விளங்கியது. வாருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

தெலுக் பிளாங்காவில் பிறந்த பிள்ளை

அந்த மாளிகையின் பெயர் இஸ்தானா பெசார், அதாவது பெரிய அரண்மனை. அதைக் கட்டியவர் இன்றைய ஜொகூரின் தந்தை என்று போற்றப்படும் சுல்தான் அபு பாக்கார். அவர் பிறந்தது ஜொகூரில் அல்ல. 1833-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் நாள் சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார்.

ஜொகூர் அரச குடும்பம் சிங்கப்பூரில் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய பாட்டனார் துமெங்கோங் அப்துல் ரஹ்மான். துமெங்கோங் என்பது மலாய் அரசில் ஓர் உயர்ந்த பதவி. 1819-ல் ராஃபிள்ஸ் துரை சிங்கப்பூருக்கு வந்து, அங்கே வாணிப நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அதில் ஒப்பமிட்டவர்களில் அவர் ஒருவர். 1824-ல் வந்த மறு ஒப்பந்தத்தில் தீவு முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இடையிலே சிங்கப்பூர் ஆற்றோரத்தில் இருந்த துமெங்கோங்கின் குடியிருப்பையும் காலி செய்யச் சொல்லி, தெலுக் பிளாங்காவில் வேறு நிலம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். லயத்தைக் காலி பண்ணுங்கள் என்று ஒருநாள் ஓலை வந்தால் மனசு என்ன பாடுபடும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். ராஜ குடும்பத்துக்கும் அந்த அனுபவம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பேரன் அபு பாக்கார் வளர்ந்தது அந்த மாற்று இடத்தில்தான். கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றும் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

சிறு வயதில் அவர் கீஸ்பரி என்னும் பாதிரியார் நடத்திய பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் படித்தார். கீஸ்பரி அச்சுக்கூடமும் வைத்திருந்தார். மலாய் இலக்கியத்தில் புகழ்பெற்ற முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு 1849-ல் அச்சேறியது அந்தக் கூடத்தில்தான். முன்ஷி அப்துல்லா என்றதும் நாம் சற்று நிமிர்ந்து உட்காரலாம். அவருடைய உடம்பில் தமிழ் இரத்தமும் ஓடியது, மலாக்காவில் தமிழும் கற்றவர் அவர். அவருடைய மகன் முகமது இப்ராஹிம் முன்ஷி பின்னாளில் அபு பாக்காரின் அரசாங்கத்திலே பணியாற்றினார். இளவரசர் என்று வீட்டோடு வைத்துக் கொள்ளாமல், புதிய காலத்தின் மொழியைக் கற்கப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பம் அது. இதையும் நினைவில் வையுங்கள்.

மரத்துப் பாலும் காம்பீர் இலையும்

அபு பாக்காரின் தந்தை துமெங்கோங் டாயிங் இப்ராஹிம். பதவி இருந்தது, பணம் இல்லை என்ற நிலையில் தொடங்கி, குடும்பத்தை நிமிர்த்தியவர் அவர். எப்படித் தெரியுமா? மரத்துப் பாலால்தான்!

நாம் கித்தா என்று சொல்கிறோமே, அது கெத்தா என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தின் பிசினுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆனால் அந்தக் காலத்து கெத்தா நம் பால்மரம் அல்ல. ரப்பர் மரம் அப்போது இந்த நாட்டுக்கே வரவில்லை. காட்டில் தானாக வளர்ந்த தாபான் என்னும் மரத்தின் பிசின் அது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும், உப்புத் தண்ணீரில் கெடாது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட நினைத்த வெள்ளைக்காரர்களுக்கு, கம்பியைச் சுற்றி உறை போட இதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலில் போட்ட தந்திக் கம்பிக்கு இந்தப் பிசின்தான் உறை. ஜொகூர்க் காட்டுப் பிசின் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறியது. துமெங்கோங்கின் கை செழித்தது. ஆனால் ஒரு குறை. நம் பால்மரத்தைப் போல் கோடு போட்டு, நாள்தோறும் பால் எடுக்க அந்த மரம் இடம் கொடுக்காது. வெட்டிச் சாய்த்துத்தான் பிசின் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் மரங்கள் அருகிப் போயின.

அடுத்தது காம்பீரும் மிளகும். 1840-களில் சிங்கப்பூரிலிருந்து சீனத் தோட்டக்காரர்கள் ஜொகூருக்கு வரத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர். அவருக்கு கங்சூ என்று பெயர். இந்த ஆற்றங்கரையில் நீ தோட்டம் போடலாம் என்று துமெங்கோங் அவருக்கு ஓர் எழுத்து கொடுப்பார். அதை ஆற்றுப் பத்திரம் என்று சொல்லலாம். காம்பீர் இலையைப் பெரிய சட்டியில் இட்டுக் காய்ச்சிச் சாறு இறுக்குவார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் அது பயன்பட்டது. காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. சில ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும், அடுப்புக்கு விறகும் தீர்ந்துவிடும். உடனே அடுத்த காட்டைத் திருத்தப் போவார்கள். ஜொகூரின் ஆறுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டது இப்படித்தான்.

1855-ல் இன்னோர் ஒப்பந்தம். சுல்தான் அலி என்பவர் பட்டத்தையும் கேசாங் வட்டாரத்தையும் மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஜொகூரின் ஆட்சி உரிமையை டாயிங் இப்ராஹிமுக்கு விட்டுக் கொடுத்தார். அதே ஆண்டில் நீரிணைக்கு இந்தக் கரையில் தஞ்சோங் புத்ரி என்ற சிறு குடியிருப்பு தொடங்கியது. இன்றைய ஜொகூர் பாருவின் தொட்டில் அது.

1866: ஊரும் வீடும்

1862-ல் தந்தை காலமானார். 29 வயதை எட்டிக் கொண்டிருந்த அபு பாக்கார் துமெங்கோங் ஆனார். அவர் முன்னே ஒரு பெரிய சிக்கல் நின்றது. நாடு நீரிணைக்கு இந்தப் பக்கம், ஆள்பவர் இருப்பதோ அந்தப் பக்கம், அதுவும் ஆங்கிலேயர் ஆளும் மண்ணில்! வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த நிலத்துக்கு உரிமை பேசுவது போன்ற நிலைமை.

அதனால் அவர் தஞ்சோங் புத்ரியைத் தலைநகராக்கினார். 1866-ல் அந்த ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டினார். பாரு என்றால் புதியது. அதே 1866-ல் நீரிணையைப் பார்த்தபடி இஸ்தானா பெசார் எழுந்து நின்றது. அதே ஆண்டில் அவர் இங்கிலாந்துக்கும் பயணம் போய் விக்டோரியா அரசியாரைச் சந்தித்தார். ஊர், வீடு, உறவு மூன்றும் ஓர் ஆண்டுக்குள்!

அந்த வீட்டைக் கட்டிய குத்தகைக்காரர் வோங் ஆ ஃபூக். 1837-ல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். 1854-ல், 17 வயதுப் பையனாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கித் தச்சு வேலை பார்த்தார். அந்தத் தச்சுப் பையன்தான் பின்னால் அரண்மனை கட்டும் ஆளானார். ஜொகூர் பாருவின் நடுவிலே இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தச் சாலையில் சட்டை துணி வாங்கப் போகும்போது, அது உளி பிடித்த ஒருவரின் பெயர் என்று தெரிந்துகொண்டு நடந்தால் நல்லது.

மாளிகையின் அமைப்பு

இனி மாளிகையைப் பார்ப்போம். இது இரண்டு மாடிக் கட்டடம். உயரத்தைக் காட்டிலும் நீளம் அதிகம். ஆங்கில மலாய்ப் பாணி என்று இதைச் சொல்வார்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவாக விரியும் அமைப்பும், தூண் வரிசையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. காற்றையும் நிழலையும் நம்பிக் கட்டும் முறை இந்த மண்ணுக்குச் சொந்தம்.

அந்தக் காலத்தில் மின்விசிறி ஏது? வெயிலையும் புழுக்கத்தையும் கட்டடமே சமாளிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளிலே கூரையை உயர்த்தி வைத்தார்கள். சூடான காற்று மேலே போய்விடும். வெயில் சுவரில் நேராக அடிக்காமல் முன்னால் தாழ்வாரம் இழுத்தார்கள். சன்னலுக்குச் சாய்த்து அடித்த மரப் பட்டைகள் வைத்தார்கள். மழைச் சாரல் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். கடலைப் பார்த்த மேட்டில் வீட்டைக் கட்டினால் நீரிணைக் காற்று தானாக வந்து சேரும். மலாய்க் கிராமத்து மரவீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். குடிசைக்கும் அரண்மனைக்கும் காற்று ஒன்றுதானே!

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் எழுந்த புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டு வரப்பட்ட கைதிகள். அதன் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நம் ஊர்க் கொத்தனார்களின் வித்தை அது. இந்த நாடுகளின் வெள்ளைச் சுவர்களில் நம்மவர் கைரேகையும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

எதற்காக இவ்வளவு பெரிய வீடு?

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1874-ல் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம் நடந்தது. ஆங்கில ரெசிடெண்ட் ஒருவர் வந்து அமர்ந்தார். ரெசிடெண்ட் சொல்வதைச் சுல்தான் கேட்க வேண்டும் என்ற நிலை வந்தது. அடுத்த ஆண்டே பேராக்கில் ரெசிடெண்ட் கொல்லப்பட்டார், படை வந்தது, சுல்தான் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்று ஒவ்வொன்றாக ரெசிடெண்ட் ஆட்சிக்குள் போயின. இந்த மலாய் அரசுகளுக்கு ஆளத் தெரியவில்லை, நாங்கள் வந்து திருத்துகிறோம் என்பதுதான் ஆங்கிலேயர் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தையே அபு பாக்கார் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர், அலுவலகம் வைத்து நிருவாகம் செய்கிறவர், விருந்தினரை அவர்கள் முறையிலேயே வரவேற்கிறவர் என்று பெயர் எடுத்தார். வாளைத் தூக்கி எதிர்த்தால் தோற்போம் என்று அவருக்குத் தெரியும். அதனால் வரவேற்பு மண்டபத்தைக் கட்டினார். கப்பலில் வந்த ஐரோப்பியப் பிரபுக்களும் பயண நூலாசிரியர்களும் இந்த மாளிகையில் உபசரிக்கப்பட்டார்கள். 1881-ல் ஹவாய்த் தீவுகளின் மன்னர் கலாகௌவா உலகத்தைச் சுற்றி வரும் வழியில் ஜொகூருக்கு வந்து அபு பாக்காரின் விருந்தினராக இருந்தார். பசிபிக் கடலின் ஒரு சிறு நாட்டு மன்னரும் நம் நீரிணைக் கரையின் ஒரு சிறு நாட்டு மன்னரும் ஒரே மேசையில் உட்கார்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் ஒரே கவலை: பெரிய நாடுகள் விழுங்கிவிடாமல் நம் நாட்டைக் காப்பது எப்படி? பின்னாளில் ஹவாய் தன் முடியாட்சியை இழந்தது. ஜொகூரின் முடி நிலைத்தது.

1868-ல் அவர் மகாராஜா என்ற பட்டம் சூடினார். 1871-ல் ஜொகூருக்கென்று கொடி, 1879-ல் ஜொகூருக்கென்று அரசுப் பண். 1883-ல் ஜப்பானுக்குப் போய் அந்த நாடு எப்படி முன்னேறுகிறது என்று பார்த்து வந்தார். 1885-ல் லண்டனில் செய்த ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர் அவரை ஜொகூர் சுல்தான் என்று ஏற்றுக் கொண்டார்கள். வெளிநாட்டு விவகாரங்களை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தார், உள்நாட்டு ஆட்சியைத் தம் கையில் வைத்துக் கொண்டார். 1886-ல் முடிசூட்டு விழா நடந்தது. 1894-ல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு தனிப்பட்ட வழக்கில், அவர் சுதந்திரமான அரசர், அவர் மீது இங்கே வழக்காட முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஆகவே, அந்த வீடு ஒருவர் தூங்குவதற்காக மட்டும் அவ்வளவு பெரிதாகக் கட்டப்படவில்லை. எங்களுக்கும் அரசு உண்டு, எங்களுக்கும் ஆளத் தெரியும் என்று நீரிணைக்கு அப்பாலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்வதற்காகவும் கட்டப்பட்டது. இதுதான் அந்தச் சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் பதில்.

யாருடைய உழைப்பு?

முதல் பதில் என்று ஏன் சொன்னேன்? இரண்டாவது பதிலும் உண்டு. அதை மறைத்தால் நான் நல்ல வாத்தியார் இல்லை.

அரண்மனைக்கும் விருந்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? காம்பீர், மிளகுத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு விற்ற அபினிலிருந்தும் வந்தது. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது அந்தக் காலத்து அரசாங்க வழக்கம். சிங்கப்பூரில் ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். காட்டை வெட்டி, புலிக்கும் காய்ச்சலுக்கும் நடுவே அடுப்படியில் நின்று இலை காய்ச்சியவன், கைக்கு வந்த கூலியை உடம்பு வலி மறக்க அபினுக்கே திருப்பிக் கொடுத்தான். அவன் பெயர் எந்தச் சாலையிலும் இல்லை. கங்கார் என்று முடியும், தொடங்கும் ஊர்ப் பெயர்களில் மட்டும் அந்தக் காலத்தின் தடம் இருக்கிறது. கங்சூ முறை 1917-ல்தான் ஒழிந்தது.

தோழர்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு எதுவும் ஞாபகம் வருகிறதா? கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த நம் பாட்டன்மார்கள் ஞாபகம் எனக்கு வருகிறது. 1909-ல் ஜொகூர் வழியாக ரயில் பாதை முழுமையானது. அந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1924-ல் திறப்பு விழா கண்ட நீரிணைப் பாலத்தின் வழியே ரப்பர் சிங்கப்பூருக்குப் போனது. காம்பீர்க்காரன் விட்ட இடத்தில் பால்மரக்காரன் வந்தான், பால்மரக்காரன் விட்ட இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. மண் ஒன்றுதான். கை மாறியது, பயிர் மாறியது, வியர்வை மாறவில்லை.

இதைச் சொல்வதால் அந்தப் பெருமகனாரின் புகழ் குறையாது. ஒரு வீட்டைப் பார்க்கும்போது கட்டச் சொன்னவரையும் நினைக்க வேண்டும், கல் சுமந்தவரையும் நினைக்க வேண்டும். வரலாறு என்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

51 நாள்

சுல்தானின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். 1892-ல் அவர் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பள்ளிவாசலுக்கு வேலை தொடங்க வைத்தார். நீரிணையோரம் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பள்ளிவாசல் அது. அது 1900-ல் முடிந்தபோது பார்ப்பதற்கு அவர் இல்லை.

உடல் தளர்ந்துகொண்டே வந்தது. தமக்குப் பின் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் 1895-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி, இப்போது நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே தேதியில், ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசியல் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. மலாய் மாநிலங்களில் எழுதப்பட்ட முதல் அரசியல் சட்டம் அதுவே. அதில் ஒரு முக்கியமான விதி உண்டு. ஆள்பவர் யாராக இருந்தாலும், நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ அந்நிய வல்லரசுக்கு விட்டுக் கொடுக்கக் கூடாது. பாட்டனார் கையெழுத்தில் சிங்கப்பூர் போனது. பேரன் கையெழுத்தில் ஜொகூருக்கு வேலி போடப்பட்டது.

சட்டம் வந்து 51 நாள்தான். 1895 ஜூன் 4-ம் தேதி லண்டன் மாநகரில் ஒரு விடுதியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 62. உடல் கப்பலில் கொண்டு வரப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் ஜொகூர் பாருவில் அடக்கம் செய்யப்பட்டது. மகன் இப்ராஹிம் சுல்தான் ஆனார். மறு ஆண்டு, 1896-ல், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்து ஆங்கிலேயர் ஒரு கூட்டமைப்பு ஆக்கினார்கள். ஜொகூர் அதில் சேரவில்லை. பின்னர் 1914-ல் ஜொகூரும் ஓர் ஆங்கில ஆலோசகரை ஏற்க நேர்ந்தது உண்மைதான். ஆனாலும் சட்டம் அழியவில்லை, அரச மரபு அழியவில்லை. ஜொகூர் பாருவில் நம் கண்ணாடிக் கோயிலாக இன்று ஜொலிக்கிற ராஜகாளியம்மன் ஆலயத்துக்கு நிலம் கிடைத்ததும் அந்த அரச குடும்பத்தின் கொடைதான்.

1930-களில் புக்கிட் செரீன் என்ற புது அரண்மனை எழுந்தது. ஆனாலும் பழைய மாளிகையின் மதிப்பு குறையவில்லை. 1990-ல் அதில் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 23-ல் சுல்தான் இப்ராஹிம் அவர்களின் முடிசூட்டு விழா நடந்ததும் இதே இஸ்தானா பெசாரில்தான். கட்டி ஏறக்குறைய 150 ஆண்டுக்குப் பிறகும் அந்த வீடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே, கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் ஒரு சொந்தக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

என் பாட்டி இந்த ஜொகூர் மண்ணிலே பால்மரம் சீவி ஏழு பிள்ளைகளை வளர்த்தவர். தோட்டத்துக் கொட்டகையில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சாகும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டுதான். எத்தனையோ முறை மனு கொடுத்தோம். இந்தக் காகிதம் எங்கே, அந்தக் காகிதம் எங்கே என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அறுபது வருஷம் இந்த மண்ணில் வேர்வை சிந்தியவருக்கு, அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போனது.

சுல்தான் அபு பாக்கார் கட்டிய மாளிகை பெரியதுதான். ஆனால் அவர் நாட்டைக் காத்தது அந்தச் சுவர்களால் மட்டும் அல்ல. படித்தார், படித்தவர்களைப் பக்கத்தில் வைத்துக் கொண்டார், எதையும் எழுத்தில் வாங்கினார், எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். நம்மால் மாளிகை கட்ட முடியாமல் போகலாம். இந்த மூன்றையும் செய்ய நம்மால் முடியும்.

பிள்ளை பிறந்தால் தள்ளிப் போடாமல் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கரையானும் மழையும் அண்டாத இடத்தில் வையுங்கள். கரையான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1869-ல் அபு பாக்கார் ஜொகூர் பாருவிலிருந்து மரத்தால் தண்டவாளம் போட்டு ரயில் விடப் பார்த்தார். கரையான் தின்று தீர்த்துவிட்டது! ராஜா போட்ட தண்டவாளத்தையே விடாத கரையான், நம் தகரப் பெட்டிக் காகிதத்தை விடுமா? புரியாத காகிதத்தில் கைநாட்டோ கையெழுத்தோ போடாதீர்கள். பள்ளிக்கு எடுத்து வாருங்கள், ஆசிரியர்கள் நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். அதற்காகவும்தான் நாங்கள் இருக்கிறோம்.

மாணவ மணிகளே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும்போது கையில் ஒரு சான்றிதழும் தருவார்கள். கோப்பையைவிட அதைப் பத்திரமாக வையுங்கள். பரிசு வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். 17 வயதில் உளியோடு வந்து இறங்கிய பையன்தான் அரண்மனையைக் கட்டினார்.

அந்தச் சிறுமி இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். எத்தனை குடும்பம் இருக்கும் என்று கேட்டாயே, மகளே, இதோ என் பதில். அந்த வீட்டில் இருந்தது ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காக உழைத்தது ஆயிரமாயிரம் குடும்பம். இரண்டையும் தெரிந்துகொண்டு, அடுத்த முறை அந்தச் சாலையில் போகும்போது தலை நிமிர்ந்து பார். அது உன் மாநிலத்தின் வரலாறு. உனக்கும் அதில் பங்கு உண்டு.